தலைக்காட்டு அணை

மண் அள்ளும் பெக்கோ இயந்திரத்தின் வாளிக்குள் ஒரு பெண் ஏறி நின்றுகொண்டு "தம்பி, தூக்குங்கோ" என்றால், மூளையுள்ள எந்த ஓட்டுநரும் தூக்கமாட்டான். நானும் மாட்டேன் என்றுதான் சொன்னேன். அவர் இறங்குவதாக இல்லை. சேலைக்கு மேல் கணவரின் நீளக்கைச் சட்டை, தலையில் சுற்றிய துவாய், காலில் றப்பர்ச் செருப்பு. வாளியின் விளிம்பைப் பிடித்தபடி, பஸ்ஸுக்கு நிற்பவரைப் போல ஆறுதலாக நின்றார். "விழுந்தால் உங்களிலை பிழை சொல்லமாட்டன். வேணுமெண்டால் எழுதித் தரட்டோ?" என்றார். சுற்றி நின்ற சனம் கொல்லென்று சிரித்தது. மாதாவே, இந்த மனிசி விழக்கூடாது என்று சிலுவை போட்டுவிட்டு, பிடியை மெல்ல இழுத்தேன். நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த அவர், தான் பதினேழு வயதில் விட்டுப்போன ஊரைப் பற்றைக் காடுகளுக்கு மேலாக நின்று பார்த்தார்.

நான் மன்னார்த் தீவுக்காரன். அப்பா, அப்பாவின் அப்பா எல்லாரும் கடல். எனக்குக் கடல் ஒத்துவரவில்லை. வள்ளத்தில் ஏறினால் வாந்தி. இதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. இன்றைக்கு என் முற்றத்தில் நிற்கும் இரண்டு பெக்கோவும் அந்த வாந்தியின் புண்ணியம்தான். போர் முடிந்து, முகாம்களிலிருந்து சனம் திரும்பத் தொடங்கிய வருடங்களில், பாலத்துக்கு அப்பால் பெருநிலம் முழுவதும் எனக்கு வேலை இருந்தது. கண்ணிவெடி அகற்றுபவர்கள் தங்கள் சிவப்புத் தடிகளைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் போவார்கள். பற்றை வெட்டி நிலம் மட்டம் செய்ய நான் பின்னால் போவேன். அப்படிப் போன ஊர்களில் ஒன்றுதான் இது. மதவாச்சி வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு குளமும் அதை நம்பிய வயலுமாக இருந்த ஊர்.

வாளிக்குள் நின்றவர், அந்த ஊரில் வயல் செய்யும் கமக்காரர் அமைப்பின் செயலாளர். ஊர் முழுக்க அவரைச் செயலாளர் என்றே கூப்பிட்டது. கணவர்கூட, கோபம் வந்தால், "செயலாளர் இப்ப என்ன சொல்லுறா?" என்றுதான் கேட்பார். நான் செயலாளர் அக்கா என்றேன். எதிலும் தயங்காத மனிசி. அரசாங்கக் கந்தோரில் வரிசையில் நிற்கும்போதும், ஆமிக்காரரிடம் அரைகுறைச் சிங்களத்தில் கதைக்கும்போதும், தான் சொல்வது சரி என்ற முகம் மாறாது. அந்த முகத்தை நம்பித்தான் ஊரே திரும்பி வந்து தகரக் கொட்டில்களில் குந்தியிருந்தது. நானும் நம்பினேன், நம்பியதில் பாதி சரி, பாதி பெரிய பிழை.

மேலே நின்று அவர் ஒவ்வொன்றாகக் கூவினார். "அந்தா கோயில்! அந்தா குளம்! ஐயோ, என்ன இது, இப்பிடிச் சின்னனாப் போச்சுது!" பிறகு கிழக்குப் பக்கம் திரும்பினார். ஊருக்கு மேலே, காட்டிலிருந்து மூன்று ஓடைகள் இறங்கி ஒன்றுசேரும் இடத்தைத் தலைக்காடு என்பார்கள். அங்கிருந்துதான் ஒரு சின்ன ஆறு தொடங்கிக் குளத்துக்குள் வந்து, குளம் நிரம்பினால் வழிந்து கடலுக்குப் போகும். அந்தக் கோடை நாளில் ஓடையும் இல்லை, ஆறும் இல்லை. பற்றைக்குள் நீளமாக ஒரு மண் அணைதான் தெரிந்தது. முதுகில் மக்கிப்போன மண்மூட்டைகள், இடையிடையே பதுங்குகுழிகள். "உந்தச் சனியன் இன்னும் கிடக்குதோ! தம்பி, முதல் வேலையா அதை வெட்டுங்கோ" என்றார் அக்கா.

அந்தக் காலத்தில் பெருநிலத்தில் திரும்பின பக்கமெல்லாம் சண்டைக்காகக் கொட்டிய மண் அணைகள்தான். அவற்றைக் கண்டால் சனத்துக்கு வயிறு எரியும். வீட்டுத்திட்டமும் வந்திருந்தது. ஒவ்வொரு வீட்டு அத்திவாரத்துக்குள்ளும் நிரப்ப மண் வேண்டும். சண்டைக்காரர் கொட்டிய மண் எங்கள் வீட்டுத் தரைக்குள் போகட்டும் என்று ஆளுக்காள் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள். முதல் பெட்டி மண்ணை உழவு இயந்திரத்தில் ஏற்றியபோது யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். முதல் பெட்டி அக்காவின் அத்திவாரத்துக்குத்தான் போனது, பின்னால் வந்த பெட்டிகளிலும் பல. அதுவும் ஊரார் கேட்டு வைத்த மரியாதை.

இனி என் பிழைக்கு வருகிறேன். மண் வெட்டுகிறவனுக்குக் கை பேசும். சண்டை அணை என்றால் வாளி வைத்தவுடன் பொலபொலவென்று வரும். சாக்குத் துண்டு, பனங்குற்றி, துருப்பிடித்த துவக்குக் கோது எல்லாம் கூடவே வரும். இந்த அணையின் மேல் நான்கடி அப்படித்தான் வந்தது. அதற்குக் கீழே போனதும் இயந்திரம் முனகியது. மண் கட்டியாக, பாளம் பாளமாக, தட்டித் தட்டி இறுக்கியது போல வந்தது. சாக்கும் இல்லை, கோதும் இல்லை. ஓர் இடத்தில் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் பழைய மரவேர் ஒன்று அணையின் நடு வயிற்றுக்குள் ஓடியது. இருபது வருட அணைக்குள் எப்படி இருநூறு வருட வேர் வரும் என்று ஒரு கணம் யோசித்தேன். யோசித்துவிட்டு வேரையும் பிடுங்கி எறிந்தேன். எனக்கு வேலை மணித்தியாலக் கணக்கு. வெட்டச் சொன்னார்கள், வெட்டினேன். நாற்பதடி நீளத்துக்கு அணை போயிற்று.

அது சண்டை அணையே இல்லை. மூன்று ஓடைத் தண்ணீரையும் மறித்துக் குளத்துப் பக்கம் திருப்புவதற்கு எந்தக் காலத்திலோ கட்டிய அணை. சண்டை பிடித்தவர்கள் அதன் முதுகில் ஏறிப் பதுங்கினார்கள், மேலும் மண் கொட்டினார்கள், அவ்வளவுதான். அதை அறிந்திருந்த மனிசர் ஒவ்வொருவராக மடுவிலும் வவுனியாவிலும் இராமேஸ்வரத்துக்கு அப்பாலும் கண்ணை மூடிவிட்டார்கள். திரும்பி வந்தவர்கள் போகும்போது பிள்ளைகள். பிள்ளைகளுக்குக் குளத்தைத் தெரியும், குளித்திருக்கிறார்கள். குளத்துக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று எந்தப் பிள்ளை கேட்கும்?

மாரி வந்தது. நல்ல மழை. தீவில் எங்கள் ஒழுங்கையில் முழங்கால் வெள்ளம். அக்காவின் ஊரில் குளம் மட்டும் நிரம்பவில்லை. பயிர் ஒரு சாண் வளர்ந்து நிற்க, குளத்தின் நடுவில் மாடு படுக்கிற அளவு தண்ணீர்தான் கிடந்தது. வீதியோரத்துக் காணிகளுக்குள் மட்டும் வெள்ளம் புகுந்து, வீதிக்குக் கீழான மதகைக் கடந்து, உவர் வெளியில் போய் விழுந்தது. மழை போதாது என்று சனம் சொன்னது. அக்கா நம்பவில்லை. தனியாகத் தண்ணீருக்குள் இறங்கி, அது வருகிற வழியே மேலே மேலே நடந்துபோயிருக்கிறார். அடுத்த நாள் எனக்கு அழைப்பு வந்தது. "தம்பி, ஒருக்கா வாங்கோ. மெசின் வேண்டாம். நீங்கள் மட்டும் வாங்கோ."

மோட்டார் சைக்கிளில் போனேன். தலைக்காட்டுக்குக் கூட்டிப்போனார். நான் வெட்டிய வாய்க்குள்ளால் மூன்று ஓடைத் தண்ணீரும் சேர்ந்து சோவென்று பாய்ந்துகொண்டிருந்தது. குளத்துப் பக்கம் போகும் சின்ன ஆற்றின் பழைய வாய்க்காலில் நனையக்கூடத் தண்ணீர் இல்லை. எங்கள் தீவுக்குக் குழாயில் வரும் நல்ல தண்ணீரே பெருநிலத்துக் கிணறுகளிலிருந்துதான் வருகிறது. ஒரு வாளி நல்ல தண்ணீருக்கு என் அம்மா வரிசையில் நின்றதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

"வெட்டேக்கை மண் எப்பிடி இருந்தது?" என்று கேட்டார்.

"இறுக்கமா இருந்தது அக்கா. கீழை வேறை மாதிரி."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

இந்த வார்த்தைக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "ஓம், நான் கேக்கேல்லை. மேலை நிண்டு பாத்தால் எல்லாம் விளங்கும் எண்டு நினைச்சன். உங்களுக்குத் தெரிஞ்சும் வாய் திறக்கேல்லை. ரெண்டு பேரும் சேந்துதான் குளத்தைச் சாகடிச்சிருக்கிறம்" என்றார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "சரி, அழுது என்ன, வாங்கோ, கட்ட வேண்டியதுதான்" என்று நடக்கத் தொடங்கினார்.

கட்டுவது அவ்வளவு லேசா? ஊர்க் கூட்டம் பொது மண்டபத்தில் நடந்தது. அதற்குள் இன்னொரு கதையும் வந்துவிட்டது. அணை திறந்ததால் தலைக்காட்டில் தண்ணீர் தேங்குவதில்லை, நிலம் கெதியாகக் காய்கிறது, வீதிக்கும் பக்கம். அடுத்த கட்ட வீட்டுத்திட்டக் காணிகளை அங்கேயே பிரிக்கலாம் என்று காணி உத்தியோகத்தர் ஒருவர் வரைபடம் போட்டிருந்தார். மன்னாருக்கு அரை மணித்தியாலத்தில் போகிற இடம் என்று வெளியாட்களும் விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். மேலே வீடு வந்தால் கீழே குளம் இல்லை, குளம் இல்லாவிட்டால் வயல் இல்லை. ஆனால் கொட்டிலில் கிடக்கிற சனத்துக்கு வீடு என்ற சொல்லே பெரிய சொல். கூரை மட்டம் வந்துவிட்ட வீட்டுக்காரர் ஒருவர் எழும்பி, "இப்ப என்ன, எங்கடை வீட்டைக் கிண்டச் சொல்லுறியளோ?" என்று கேட்டார்.

அக்கா எழும்பினார். சுற்றிவளைக்கவில்லை. "அணையை வெட்டச் சொன்னது நான். நான்தான். மெசின்காரத் தம்பியிலை ஒருத்தரும் பிழை சொல்லக்கூடாது. உங்களை ஒருத்தரையும் கிண்டச் சொல்லேல்லை. அந்த மண்ணிலை முதல் பெட்டி என்ரை வீட்டுக்குத்தான் வந்தது, அதுதான் முதல் திரும்பிப் போகும்" என்றார். பின்னால் யாரோ, "செயலாளருக்கு விசர் பிடிச்சிட்டுது" என்றார். "ஓமப்பா, பிடிச்சிட்டுது. மருந்து குளத்துக்கை கிடக்கு" என்றார் அக்கா. சிரிக்க விருப்பமில்லாதவர்களும் சிரித்தார்கள்.

அது விளையாட்டான காரியமில்லை. மாத முடிவில் பொறியியலாளர் வந்து பார்ப்பார். தரை வரை நிரப்பியிருந்தால்தான் வீடு அடுத்த கட்டத்துக்குப் போகும். கிண்டிய குழியை வேறு மண்ணால் நிரப்ப அதற்குள் நாளும் இல்லை, காசும் இல்லை. இல்லாவிட்டால் பெயர் பின்பட்டியலுக்குத் தள்ளப்படும். பின்பட்டியலுக்கு வீடு வருமா என்று அந்தக் கந்தோரில் இருந்தவர்களுக்கே தெரியாது. அக்காவின் கணவர் கடைசிச் சண்டையில் முதுகில் காயப்பட்டவர், பாரம் தூக்க மாட்டார். மகளுக்குப் பதினான்கு வயது. பிறந்ததிலிருந்து சுவர் வைத்த வீட்டில் படுத்தறியாத பிள்ளை. அது ஒரு கிழமை, ஏழு நாளும், தாயோடு கதைக்கவில்லை. எனக்கே மனம் கேட்கவில்லை. வேறு எங்கிருந்தாவது மண் கொண்டுவரலாமே அக்கா என்று கெஞ்சினேன். அவர் விளங்கப்படுத்தினார். அந்த இறுகிய களிமண்தான் தண்ணீர் தாங்கும், அது வேறெங்கும் கிடையாது, குளத்துக்குள் அள்ளினால் குளத்தின் அடி ஒழுகும். எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தார். இந்த முறை கேட்டிருந்தார்.

தை மாதம், மழை விட்டு ஈரம் காயாத இரண்டு வாரம். அத்திவாரத்துக்குள் பெக்கோ இறங்காது. மண்வெட்டியாலும் மண் சுமக்கும் தாச்சியாலும்தான் அள்ள வேண்டும். முதல் நாள் அக்கா, மகள், நான், மூன்றே பேர். ஓம், மகளும் வந்தது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, ஆனால் எங்கள் இரண்டு பேரையும்விட வேகமாக அள்ளியது. கணவர் ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு, "நீங்கள் எடுங்கோ. நான் பாத்துக்கொண்டெண்டாலும் இருக்கிறன்" என்று உட்கார்ந்தார். பொழுதுபடும்போது வீட்டுக்கு வீடு பார்த்துக்கொண்டிருந்த சனம் அடுத்த நாள் தாச்சியோடு வந்தது. எல்லாரும் தங்கள் தரையைக் கிண்டினார்கள் என்று நான் பொய் சொல்லமாட்டேன். சீமெந்து போட்டுவிட்டவர்கள் கிண்டவில்லை. போடாதவர்களில் பதினொரு வீட்டுக்காரர் கிண்டினார்கள். கூரைக்காரர் கிண்டவில்லை, ஆனால் தன் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து பெட்டி பெட்டியாக ஏற்றினார். நான் கூலி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அக்கா தந்திருப்பார், அதுதான் பயமாக இருந்தது.

அரையடி மண் போடுவோம், தண்ணீர் தெளிப்போம், மரக்குற்றியால் இடிப்போம், பிறகு நான் மேலால் பெக்கோவை ஓட்டி நசுக்குவேன். மறுபடி அரையடி. பத்து நாளில் வாய் மூடியது. அக்கா அத்தோடு நிற்கவில்லை. காணி உத்தியோகத்தரைத் தலைக்காட்டுக்கு வரவழைத்தார். அணை மூடியபின் பெய்த ஒரு பிந்திய மழைக்கு அடுத்த நாள் அது. சப்பாத்தைக் கழற்றாமல் வந்த ஐயாவின் ஒரு சப்பாத்தைச் சேறு விழுங்கிவிட்டது. "இதிலை வீடு கட்டி ஆரைக் குடியிருத்தப் போறியள் ஐயா? மீனையோ?" என்று அக்கா கேட்டார். கெட்ட மனிசர் இல்லை அவர். வரைபடத்தைக் கோடையில் போட்டிருந்தார், எங்களைப் போலவே. ஒற்றைச் சப்பாத்தோடு போய், தலைக்காட்டைக் காணிப் பட்டியலிலிருந்து வெட்டினார். பதினொரு வீட்டுக்காரரும் மாத முடிவில் பின்பட்டியலுக்குப் போனார்கள். பட்டியலின் தலைப்பெயர் அக்காவினுடையது.

இப்போது அந்த ஊரை நீங்கள் பார்க்க வேண்டும். வீதியோரம் முழுக்க மதில், நிறம் நிறமாக இரும்புக் கேற், இரண்டு மாடிக் கடை, மன்னாரில் வேலை செய்பவர்கள் வாங்கிக் கட்டிய வீடுகள். பட்டினம் ஊர்ந்து ஊர்ந்து வந்துவிட்டது. வரட்டும், சனத்துக்கு வீடு வேண்டும். ஆனால் மதில்கள் தலைக்காட்டு எல்லைக் கல்லோடு நின்றுவிட்டன. காணித் தரகர்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் எனக்குப் போன் எடுப்பார்கள்: எல்லைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் பற்றை வெட்டித் தாருங்கள், பேப்பர் பிறகு சரிவரும் என்பார்கள். அந்தப் பக்கம் வேலை செய்ய என்னிடம் மெசின் இல்லை என்பேன். முற்றத்தில் இரண்டு நிற்கிறதே அண்ணை என்று ஒருவன் சிரித்தான். நிற்கும் தம்பி, அங்கே மட்டும் வராது என்றேன். வேறு ஆட்கள் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்பவர்களும் உண்டு. கமக்காரர் அமைப்புக்கு இப்போது அக்காவின் மகள்தான் செயலாளர். வந்து பார்க்கட்டும்.

அக்கா போய் மூன்று வருடமாகிறது. சலரோகம், சீனி வருத்தம். கடைசியில் அவருக்கு வீடு கிடைத்தது, ஐந்து வருடம் அதில் இருந்தார். அவரை நினைத்தால் எனக்கு வருகிற துக்கம் பெரியது, மறைக்கவில்லை. ஆனால் துக்கத்தோடு கூடவே சிரிப்பும் வந்துவிடும். அதற்குக் காரணம், அணை கட்டிய அந்த வருடத்து மாரியில் ஒரு காலை.

மூன்று நாள் விடாத மழை. குளம் வான் பாயுது, நிரம்பி வழியுது என்று ஊரிலிருந்து போன் வந்தது. இருபது வருடத்துக்கு மேலாக யாரும் காணாத காட்சி. நான் பாலம் தாண்டி, நனைந்துகொண்டே போனேன். ஊரே குளக்கட்டில் நின்று ஆரவாரம் செய்தது. அக்காவைக் காணவில்லை. அவர் கொட்டில் குளத்தின் மேல்கரையில் இருந்தது. திரும்பி வந்தபோது மேடு என்று நினைத்துத் தானே பார்த்துப் போட்ட இடம். அதுவும் பிழை. நிறைகுளத்தின் தண்ணீர் வந்து அடிக்கிற அலைகரை அது. குளம் நிரம்பி எவ்வளவு தூரம் வரும் என்று சரியாக நினைவு வைத்திருந்த ஆள் அந்த ஊரில் ஒருவரும் இருக்கவில்லை.

ஓடிப்போய்த் தகரக் கதவைத் தள்ளினேன். உள்ளே கணுக்கால் தண்ணீர். பாய் மிதந்தது, பானை மிதந்தது. கணவரும் மகளும் கட்டிலில் ஏறி, அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா நடுவில் நின்றார், சேலையைத் தூக்கிச் செருகியபடி. நான் மூட்டையைத் தூக்கக் கை நீட்டினேன். "பொறுங்கோ தம்பி, பொறுங்கோ" என்று என் கையைப் பிடித்து நிறுத்தினார். வாசலால் இன்னும் உள்ளே வந்துகொண்டிருந்த தண்ணீரைப் பார்த்து, வாசலுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்:

"வந்திட்டியளோ? வாங்கோ, வாங்கோ. இருக்கத்தான் இடமில்லை."